கவ்வாத்து மலையில் ஒரு பவளப் பஞ்சாயத்து

பவளப்பாறை விவகாரத்துக்காக மலை ஏறியவள் இந்த உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் பிழைப்பு முழுக்கக் கடல் மட்டத்துக்குக் கீழே. தூத்துக்குடியில் பிறந்து, அங்கேயே கடலுயிர் படித்து, அந்தப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றி முங்கி முங்கியே தலை நரைத்தவள். எனக்குக் குளிர் என்றால் மார்கழியில் ஃபேனை ஒரு புள்ளி குறைத்து வைப்பது. ஹட்டன் ரயில் நிலையத்தில் இறங்கியதும் பல் தானாகத் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. மே மாதம்! ஊரில் இந்நேரம் தார் ரோடு உருகிக்கொண்டிருக்கும்.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலைப் பக்கத்துக் கடலில் நாங்களும் இலங்கைக்காரர்களும் சேர்ந்து ஒரு பவளப் பண்ணை வைத்திருக்கிறோம். அலையில் உடைந்த பவளத் துண்டுகளை இரும்புச் சட்டங்களில் கட்டிக் கடலுக்கு அடியிலேயே வளர்ப்பதுதான் வேலை. அன்றாடம் முங்கி அதைப் பார்த்துக்கொள்கிறவள் மேனகா. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். இந்த வருடம் கடல் சூடேறும் என்று தெரிந்ததும் நான் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தேன். பாதிச் சட்டங்களுக்கு மேலே நிழல் வலை கட்ட வேண்டும், மீதிப் பாதியைத் திறந்தே விட வேண்டும். நிழலால் பயன் உண்டா இல்லையா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லலாம் அல்லவா?

மேனகா என்ன செய்தாள்? தண்ணீர் கொதித்த வாரத்தில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல், எல்லாச் சட்டங்களுக்கும் வலை கட்டிவிட்டாள். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றுகூட மிச்சமில்லை. அடுத்த வெயில் காலம்வரை காத்திருந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். திட்டத் தலைவர் அவளை லீவு போடச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வேலையில் வைத்துக்கொள்வதா, நிறுத்திவிடுவதா என்பதை, “நேரில் பேசிப் பார்த்து நீங்களே சொல்லுங்கள்” என்று என் தலையில் கட்டிவிட்டார். கொழும்பில் கூட்டம் முடிந்த கையோடு கிளம்பினேன். அவளை என்னென்ன திட்ட வேண்டும் என்று ரயிலிலேயே ஒத்திகையும் பார்த்துவிட்டேன்.

ஆனால் கோபத்தோடு போகிறவர்களுக்கு வெசாக் சமயத்து பஸ் ஏற்றதல்ல. ஹட்டனிலிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் இளைஞர்கள் கொடியை ஆட்டி பஸ்ஸை மறித்தார்கள். ஏதோ தகராறு என்று நான் பையை மடியில் இறுக்கிக்கொண்டேன். அவர்கள் ஏறி வந்து ஆளுக்கொரு தட்டில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் காரச் சம்பலும் கொடுத்தார்கள். புத்தர் பிறந்த நாளான வெசாக்குக்கு வழிப்போக்கர்களுக்கு உணவு கொடுப்பார்களாம். அதற்குத் தன்சல் என்று பெயர். டிரைவரும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிச் சாப்பிடப் போய்விட்டார்.

ஒரு பையன் என் தட்டைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். பக்கத்து இருக்கை அம்மாள் மொழிபெயர்த்தார்.

“நீங்க சம்பல மிச்சம் வச்சிட்டீங்களாம். காரமா இருக்கான்னு கேக்குறான்.”

“காரமா? எங்கள் ஊரில் இதைப் பச்சைக் குழந்தைக்குக் கொடுப்போம்” என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். இன்னொரு கரண்டி வைத்துவிட்டான். கண்ணில் தண்ணீர் வழிய வழியத் தின்றேன்.

அடுத்த திருப்பத்தில் ஐஸ்கிரீம் தன்சல். அந்தக் குளிரில் ஐஸ்கிரீம்! அதையும் விடவில்லை. அதற்கடுத்து நெஸ்கஃபே. பஸ் நகர்ந்ததைவிட நின்றதுதான் அதிகம். தலவாக்கலையில் பஸ் மாறி, தோட்டத்து வாசலில் இறங்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வயிறு நிறைந்திருந்ததால் கோபத்துக்கு இடம் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது.

மேனகா ரோட்டிலேயே நின்றிருந்தாள். கடலில் கறுத்த முகம் மலைக்கு வந்தும் வெளுக்கவில்லை. என் பையை வாங்கிக்கொண்டவள் முதலில் சொன்னது இதுதான்:

“மிஸ், வீட்ல யாருக்கும் தெரியாது. வெசாக் லீவுன்னு சொல்லி இருக்கேன்.”

நான் பதில் சொல்வதற்குள் அவள் அம்மா பழனியம்மா எதிரே வந்துவிட்டார்.

அவர்கள் இருப்பது லயத்தில். ஒரே நீளக் கூரைக்கு அடியில் வரிசையாக வீடுகள், வாசலுக்கு வாசல் ஒட்டிக்கொண்டு. நான் வருகிறேன் என்று லயம் முழுக்கத் தெரிந்திருந்தது. வாசலுக்கு வாசல் தலைகள். பழனியம்மா என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் காய்த்துப்போன விரல்கள்.

“வாங்க மிஸ், உக்காருங்க. எங்க புள்ள ஒங்களப் பத்திதான் பேசிக்கிட்டே இருக்கும். இந்தியா மிஸ்ஸே நேர்ல வந்திருக்காங்கன்னா, அது நல்லா வேல செய்யுதுன்னுதானே அர்த்தம்?”

நான் தேத்தண்ணீரைக் குடிப்பதில் மும்முரமாகிவிட்டேன். அதுவும் சாதாரண தூள்தான். உலகத்துக்கெல்லாம் நல்ல தேயிலையை அனுப்பிவிட்டு இவர்கள் குடிப்பது அதில் கழிந்த தூசியை என்று பிறகு தெரிந்துகொண்டபோது எரிச்சலாக வந்தது. எங்கள் ஊரிலும் பெரிய இறால் கப்பல் ஏறிப் போய்விடும், எங்களுக்குத் தலைதான் மிஞ்சும்.

கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார்கள். தேங்காய் ரொட்டியைப் பிய்த்து அதில் முக்கித் தின்றேன். இந்த வீட்டுப் பெண்ணின் வேலையைப் பிடுங்கலாமா என்று பார்க்க வந்தவளுக்குக் கோழியின் தொடையையே எடுத்து வைக்கிறார்கள்!

மேனகாவின் அப்பா முருகையா அதிகம் பேசாத மனிதர். கவ்வாத்து வேலைக்காரர். அதாவது, வருடக்கணக்காகக் கொழுந்து கொடுத்துக் களைத்த தேயிலைச் செடியை மட்டமாக வெட்டிவிட்டு, மறுபடி துளிர்க்க வைக்கிறவர். அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

“எங்க புள்ளைக்குக் கடல்ல ஒரு தோட்டம் இருக்குங்குது. அங்கயும் காலையில பெரட்டு உண்டுங்களா?”

பெரட்டு என்பது விடிந்ததும் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது என்று மேனகா விளக்கினாள். உண்டு என்றேன். ஆனால் பேர் கூப்பிட்டால் மீன் மட்டும்தான் திரும்பிப் பார்க்கும் என்றேன். லயமே சிரித்தது.

“அந்தப் பவளம் கல்லா, செடியா, பூச்சியா மிஸ்?” என்றார் முருகையா.

நல்ல கேள்வி. மூன்றும்தான் என்று ஆரம்பித்தேன். பவளம் என்பது கடுகளவு, மிளகளவு உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் வீடு. ஒவ்வொன்றும் தனக்கடியில் சுண்ணாம்பை ஊற வைத்து, அதன் மேல் உட்கார்ந்து, மறுபடி ஊற வைத்து மேலே மேலே போகும். அப்படித்தான் பாறையே வளர்கிறது. அந்தப் பூச்சியின் தோலுக்குள் இன்னும் சின்னதாகப் பாசி குடியிருக்கிறது. வெயிலை வாங்கிச் சமைப்பது பாசி. சமைத்ததில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடும். பவளத்தின் நிறமும் பெரும்பாலும் அந்தப் பாசி கொடுத்ததுதான்.

“அப்ப நல்லாத்தானே இருக்காங்க ரெண்டு பேரும்” என்றார் பழனியம்மா.

“தண்ணி சூடாகாதவரைக்கும் நல்லா இருப்பாங்க. சூடும் வெயிலும் சேர்ந்து அடிச்சா அந்தப் பாசி விஷம் கக்க ஆரம்பிச்சிடும். பவளம் தாங்க முடியாம அதை வெளியே தள்ளிடும். அப்புறம் உள்ள இருக்கிற வெள்ளைச் சுண்ணாம்பு தெரியும். பார்த்தா செத்த மாதிரி இருக்கும், ஆனா சாகல. பட்டினியா இருக்கும். உடம்புல சேர்த்து வச்ச கொழுப்பைக் கரைச்சு, ராத்திரியில கையை நீட்டிக் கிடைச்சதப் பிடிச்சுத் தின்னு, நாளைக் கடத்தும். தண்ணி சீக்கிரம் ஆறினா பாசி திரும்பி வரும். ஆறாட்டி அவ்வளவுதான்.”

எல்லோரும் மேனகாவைப் பார்த்தார்கள். அவள் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், ஒரு வாய்கூடத் தின்னவில்லை.

மறுநாள் காலையில் வீட்டில் பேச வழியில்லாததால், மலையைச் சுற்றிக் காட்டச் சொல்லி மேனகாவை வெளியே கிளப்பினேன். பனி விலகி வெயில் சுள்ளென்று அடித்தது. அந்த வெயிலில் ஒரு தந்திரம் இருக்கிறது. காற்று குளிராக இருப்பதால் சுடுவது தெரியாது, வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால்தான் மூக்கு உரிந்திருப்பது தெரியும். ஒரு வளைவைத் தாண்டியதும் பச்சை சட்டென்று நின்றுபோனது. அந்தச் சரிவு முழுக்க மொட்டைக் குச்சிகள். இலை என்று ஒன்றில்லை. வெளுத்துப்போன பாறைக்கு மேல் முதல்முறை நீந்தியபோது நான் பார்த்ததும் இப்படித்தான் இருந்தது.

“கவ்வாத்து மலை மிஸ். அப்பாவுங்க வெட்டுனது.”

ஒவ்வொரு செடியின் மேலும் வெட்டிய கிளைகளை இலையோடு பரப்பி வைத்திருந்தார்கள். அந்தக் கிளைகளுக்கு மிலாறு என்று பேர். அடுப்பெரிக்க அதற்கு ஏகப்பட்ட கிராக்கி. அப்படியிருந்தும் செடி மேல் கிடப்பதை யாரும் தொடவில்லை.

“எதுக்கு மூடி வச்சிருக்காங்க?”

“வெட்டுன செடிக்கு நெழல் இல்ல. வெயில் நேரா பட்டா பட்டை வெந்துரும். வேர்ல சாப்பாடா சேத்து வச்ச மாவு இருக்கிறவரைக்கும்தான் அது தாக்குப் பிடிக்கும், அதுக்குள்ள துளிர் வந்துறணும். அதனால வெட்டுன கையோட மூடிருவாங்க.”

சொல்லிவிட்டு அவளே நின்றாள். நானும் நின்றேன். நான் ரயிலில் ஒத்திகை பார்த்ததெல்லாம் இப்போது வந்திருக்க வேண்டும். வந்தது ஒரே ஒரு கேள்விதான்.

“ஏன் பிள்ள அப்படிப் பண்ணின?”

மேனகா மிலாறு மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.

“மிஸ், திட்டம் எனக்குப் புரியாமல்லாம் இல்ல. நான்தானே அந்த வலைய மொத தடவ கட்டுனேன், பாதிக்கு மட்டும். அன்னைக்குத் தண்ணிக்குள்ள எறங்குனா வெந்நியில குதிச்ச மாதிரி இருந்திச்சு. தெறந்த பக்கம் கெளையெல்லாம் சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ள. மூடுன பக்கம் இன்னும் கொஞ்சம் நெறம் இருந்திச்சு. மிச்ச வலை படகுல சுருட்டிக் கெடக்கு. இங்க எங்கள்ல ஒரு ஆளு ஒரு செடிய மூடாம விட்டுட்டு வந்தா, அவனப் பத்தி லயத்துல என்ன பேசுவாங்க தெரியுமா? மறுநா பெரட்டுல தலை தூக்க முடியாது. வேணும்னே ஒரு வரிசைய வெயில்ல விட்டு, சாவுதான்னு பாக்குறது... என் கை கேக்கல மிஸ். நிமால்கிட்ட சொன்னேன், ரெண்டு பேருமா கட்டிட்டோம்.”

நிமால் படகுக்காரர், அவளோடு முங்குகிறவர்.

“நீ பண்ணினது தப்பு” என்றேன்.

“தப்புதான் மிஸ்.”

அவள் வாதாடியிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். ஒத்துக்கொண்டவளிடம் என்ன செய்வது? இருவரும் இறங்கினோம். என் குதிகாலில் ஒரு அட்டை ஏறி விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை, அவள்தான் உப்புத் துணியால் தட்டிவிட்டாள்.

லயத்தில் போன் சிக்னல் கிடைக்காது. மாரியம்மன் கோயில் படிக்கட்டில் மேலிருந்து மூன்றாம் படியில்தான் கிடைக்கும், அதனால் அங்கே எப்போதும் ஒரு கூட்டம். சாயங்காலம் நாங்கள் போனபோது ஒரு பெண் துபாயிலிருக்கும் கணவனிடம் பாத்ரூம் ஓட்டை பற்றிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முடித்ததும் மேனகா படியில் ஏறி நின்றாள். நிமால் முங்கி எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. போனை நான் வாங்கிக்கொண்டேன்.

சில சட்டங்களில் கிளைப்பவளம் செத்திருந்தது. பச்சை நூல் நூலாகக் களைப்பாசி படர்ந்துவிட்டால் அதில் உயிர் இல்லை. ஆனால் பெரும்பாலான துண்டுகளில், கிளையின் அடிப்பக்கத்தில், வெளிறிய தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு கறை. பெரிதாக்கிப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். பாசி திரும்பிக்கொண்டிருந்தது.

“மிஸ்?”

“வருது” என்றேன். “பழைய குடித்தனக்காரங்க திரும்பி வர்றாங்க.”

மேனகா படியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். எனக்கும் மூக்கு உறிஞ்ச வேண்டியிருந்தது, குளிர் மேல் பழியைப் போட்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தேன். அந்தப் பெண்ணின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்தது. அப்படியும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“நிமால் என்ன எழுதியிருக்கார் பார்த்தியா? போன வாரம் மேகம் போட்டு, காத்து மாறி, தண்ணி ஆறிடுச்சாம். இப்ப சொல்லு, வலை காப்பாத்துச்சா, மேகம் காப்பாத்துச்சா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “உசுரு இருக்குல்ல மிஸ். அது போதாதா?”

“உனக்குப் போதும். எனக்கும் இன்னைக்குப் போதும். ஆனா பக்கத்துக் கடலுக்குப் போதாது. வலைதான் காப்பாத்துச்சுன்னு காட்ட முடிஞ்சிருந்தா, அடுத்த வருஷம் எங்க ஊர்லயும் கட்டுவாங்க, மாலத்தீவுலயும் கட்டுவாங்க. இப்ப நான் போய்ச் சொன்னா, ‘திறந்து விட்டது எப்படி இருந்துச்சு’ன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?”

அவள் போனை வாங்கிப் படங்களை மறுபடி முதலிலிருந்து தள்ளிப் பார்த்தாள். இவ்வளவு நல்லது செய்தும் அது நல்லதா என்று ஒருபோதும் தெரிந்துகொள்ள முடியாமல் போனதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவளே எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். பழனியம்மா கரண்டியோடு திரும்பினார்.

“மிஸ் சொன்னதக் கேக்காம நீயா முடிவு பண்ண, நீ என்ன பெரிய கண்டாக்கா?” தோட்டத்தில் வேலை வாங்கும் மேலதிகாரிக்குக் கண்டாக்கு என்று பேர். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் இறங்கிவிட்டது. “வேல போயிருச்சுங்களா மிஸ்? அதுக்குத்தான் வந்தீங்களா?”

நான் வந்தபோது வைத்திருந்த பதில் வேறு. இப்போது சொன்னது: “போகல. அவ இருக்கணும்னுதான் சொல்லப் போறேன். ஆனா அடுத்த வெயிலுக்குப் பாதியத் திறந்து விடணும். அதுக்கு அவ ஒத்துக்கணும்.”

முருகையா ரொட்டியைக் கீழே வைத்தார். “தெறந்து விடுறது செத்துருமா மிஸ்?”

“கொஞ்சம் சாகும். அதைப் பார்த்துத்தான் மத்ததெல்லாத்தையும் எப்படி வைக்கணும்னு கத்துக்கணும்.”

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை, புரிந்துகொண்டதாகத்தான் தெரிந்தது. மேனகாதான் பேசினாள்.

“சரி மிஸ். ஆனா தெறந்த பக்கத்த நான் பாக்க மாட்டேன். எனக்குக் கை நிக்காது. அந்தப் பக்கம் நீங்க வந்து நில்லுங்க. நான் நெழல் பக்கம் பாத்துக்கிறேன்.”

“அவ்வளவுதானே? நான் நிக்கிறேன்” என்றேன். இத்தனை வருடமாக அதைத்தானே செய்கிறேன், எனக்கென்ன என்ற நினைப்பு. தலைவருக்குச் சேதி அனுப்பியே தீருவேன் என்று அந்தக் குளிரில் கோயில் படிவரைக்கும் நடந்து போய்விட்டு வந்தேன்.

காலையில் புறப்பட்டேன். பழனியம்மா ஒரு பை நிறையத் தேயிலைத் தூளும், வழிக்கு ரொட்டியும், போதாததற்கு ஒரு முள்ளுக் கத்தரிக்காயும் கட்டிக் கொடுத்தார். ஊரில் கத்தரிக்காய் கிடைக்காது என்று யார் சொன்னதோ தெரியவில்லை. மேனகா என்னோடு ரோடு வரைக்கும் வந்தாள். அவளும் அடுத்த வாரம் திருகோணமலைக்குத் திரும்புகிறாள்.

பஸ்ஸுக்காக நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரேதான் கவ்வாத்து மலை தொடங்குகிறது. முந்தின நாள் காற்று பலமாக அடித்திருக்க வேண்டும். மேல் வரிசையில் ஒரு செடியின் மிலாறு பறந்துபோய், மழைத்தண்ணீர் ஓட வெட்டிய கானில் கிடந்தது. செடி அப்படியே வெயிலில் நின்றது. நான் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பினேன். பஸ் வரும் வளைவைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். திரும்பவும் அந்தச் செடியைத்தான் பார்த்தேன். ஒரு மலை நிறையச் செடி இருக்கிறது, ஒன்று வெந்தால் தோட்டம் மூழ்கிவிடுமா? முருகையா எப்படியும் அந்தப் பக்கம் வருவார்தானே?

தொலைவில் ஹார்ன் கேட்டது. பையைக் கீழே போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கானைத் தாண்டினேன். மண் வழுக்கியது, ஒரு முட்டி சேற்றில் பதிந்தது. மிலாறை இழுத்து வந்து செடி மேல் போட்டேன். சரியாக நிற்கவில்லை. திருப்பிப் போட்டு, காற்றில் பறக்காதபடி குச்சிகளுக்குள் செருகினேன். நிமிர்ந்தபோது பஸ் வளைவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

மேனகா ரோட்டோரத்தில் என் பைகளுக்கு நடுவே நின்றிருந்தாள். அவள் கையைக் காட்டியிருந்தால் பஸ் நின்றிருக்கும். அவள் பஸ்ஸைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஸ்” என்றாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு. “அடுத்த வெயிலுக்குத் தெறந்த பக்கத்துல நிக்கப் போறது நீங்கதானே?”